மலையேறும் வண்டியின் டைமிங் பெல்ட்: பார்த்துச் சொல்ல முடியுமா?

கேள்வி: கம்பத்தில் வசிக்கிறேன். வண்டன்மேட்டுக்கு அருகே எங்களுக்குச் சிறிய ஏலத் தோட்டம் இருப்பதால் வாரத்தில் மூன்று நாள் கம்பம்மெட்டு மலைச்சாலை வழியாகப் போய்வருகிறேன். எட்டு மாதங்களுக்கு முன் கோட்டயத்துக்காரர் ஒருவரிடமிருந்து 2014-ஆம் ஆண்டின் ரெனோ டஸ்டர் டீசல் வண்டி ஒன்றை வாங்கினேன். மீட்டர் 96,000 கி.மீ. காட்டுகிறது. டைமிங் பெல்ட்டை 60,000-இல் மாற்றியதாக விற்றவர் சொன்னார், பில் கொடுக்கவில்லை. எங்கள் மெக்கானிக் மேல் கவரைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு வெடிப்புகூட இல்லை, இன்னும் முப்பதாயிரம் தாராளமாக ஓடும்" என்கிறார். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கீச்சென்று ஒரு சத்தம் வருகிறது. இன்னொரு பட்டறையில் பெல்ட்டோடு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள், இது தேவைதானா? இறக்கத்தில் கியரில் இறங்கினால் பெல்ட் அறுந்துவிடும் என்று சொல்வது உண்மையா? அடுத்த மாதம் குடும்பத்துடன் கொச்சி விமான நிலையம் வரை போக வேண்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். கொச்சிப் பயணத்துக்கு முன்பாகவே பெல்ட்டை மாற்றிவிடுங்கள். உங்கள் பெல்ட் கெட்டுப்போயிருக்கிறது என்று நான் கண்டுபிடித்துவிட்டதால் இதைச் சொல்லவில்லை. அது நன்றாக இருக்கிறது என்று உங்கள் மெக்கானிக்காலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது, அதனால்தான் சொல்கிறேன். டைமிங் பெல்ட்டைக் கண்ணால் பார்த்து "இது உடனே கழிக்க வேண்டியது" என்று தீர்மானிக்கலாம். "இது இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும்" என்று கண்ணால் பார்த்து எவரும் உறுதி கூற முடியாது. பெல்ட்டின் ஆயுளைத் தெரிந்துகொள்ள அது பொருத்தப்பட்ட தேதியும் அன்றைய மீட்டர் கணக்கும் வேண்டும். உங்களிடம் அந்த இரண்டும் இல்லை.

உங்கள் வண்டியின் 1.5 லிட்டர் டீசல் என்ஜினில், கீழே சுழலும் கிராங்க் ஷாஃப்டையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும் சேர்த்துக் கட்டுவது பல் வைத்த அந்த ரப்பர் பெல்ட் ஒன்றுதான். கிராங்க் இரண்டு சுற்று வரும்போது கேம் சரியாக ஒரு சுற்று வர வேண்டும். பெல்ட் ஒரு பல் தாவினாலே இழுவை குறைந்து, புகை தள்ளி, ஸ்டார்ட் ஆவதற்குத் தகராறு செய்யும். பல பற்கள் தாவினாலோ அறுந்தாலோ, மேலேறி வரும் பிஸ்டன், திறந்தபடி நிற்கும் வால்வில் நேராக மோதும். வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்துக்கு வெவ்வேறு நேரங்களில் வந்துபோகும்படி அமைக்கப்பட்ட என்ஜின் இது என்பதால், அந்த நேரக் கணக்கு தவறியவுடன் வால்வு வளைவதைத் தடுக்க எதுவும் இல்லை. டீசலை உயர் அழுத்தத்துக்கு ஏற்றும் பம்பையும் வாட்டர் பம்பையும் சுழற்றுவதும் இதே பெல்ட்தான். பிரேக்குக்குத் துணை செய்யும் வேக்குவம் பம்ப், கேம் ஷாஃப்டின் மறுமுனையிலிருந்து சுழற்சி பெறுகிறது. அதாவது பெல்ட் அறுந்த அந்த நொடியில் என்ஜினும் நிற்கும், பிரேக்குக்கு வரும் துணையும் நிற்கும். சமவெளியில் இது பெரிய செலவு. மலைச்சாலையில் வேறு விதமான அபாயம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் மெக்கானிக்கைக் குறைசொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஏனெனில் அவர் செய்ததை நானும் செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், கம்பம் பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதியிலிருந்து குமுளிக்குத் தினமும் காய்கறி ஏற்றிச் செல்லும் ஒருவர், தன் வண்டியின் பெல்ட்டைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். மேல் கவரைக் கழற்றிப் பார்த்தேன். பெல்ட்டின் முதுகு கறுத்து வழவழப்பாக, புதிதைப் போலவே இருந்தது. "இன்னும் ஒரு வருடம் கவலையில்லை" என்று நான் சொன்னதை அவர் அப்படியே நம்பினார். நான்கு மாதம் கழித்து ஒரு விடியற்காலையில், லோயர் கேம்ப்பைத் தாண்டி ஏற்றத்தில் வண்டி நின்றுபோனது. பிரித்துப் பார்த்தபோது பெல்ட் அறுந்திருக்கவில்லை. முழு வளையமாகவே இருந்தது. கீழே கிராங்க் பல்சக்கரத்தில் பிடிக்கும் இடத்தில் ஆறு பற்கள் வேரோடு உரிந்து போயிருந்தன. நான் டார்ச் அடித்துப் பார்த்த இடத்துக்கும் பற்கள் உரிந்த இடத்துக்கும் நடுவே கீழ் கவர் மூடியிருந்தது. ஆள் பிழைத்தார், வண்டி மூன்று வாரம் என் பட்டறையில் கிடந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அது இன்றும் என் நினைவில் உறுத்துகிறது. அன்று முதல் "பார்த்துவிட்டேன், நன்றாக இருக்கிறது" என்ற சொல்லை டைமிங் பெல்ட்டைப் பற்றி நான் சொல்வதில்லை.

மேல் கவரைத் திறந்தால் தெரிவது பெல்ட்டின் ஒரு துண்டு மட்டுமே. அதுவும் அதன் முதுகுப்பக்கம். உண்மையான சுமை பற்களின் அடிப்பகுதியிலும், ரப்பருக்குள் நீளவாக்கில் ஓடும் கண்ணாடி இழைக் கயிறுகளிலும் இருக்கிறது. இழைகள் உள்ளே ஒவ்வொன்றாக அறுந்து வந்தாலும் வெளித்தோல் அதைக் காட்டாது. என்ஜினைக் கையால் பல முறை சுற்றி, முழு நீளத்தையும் கண்முன் கொண்டுவந்து பார்த்தால் ஓரளவு கூடுதலாகத் தெரியும். அப்போதும் உள்ளிழையின் நிலை தெரியாது.

வெடிப்பைத் தேடும் பழக்கம் நம் பட்டறைகளில் எப்படி வந்தது என்பதற்கும் காரணம் உண்டு. பல் வைத்த ரப்பர் பெல்ட்டைப் பெருமளவில் தயாரான காரில் முதலில் கொண்டுவந்தது ஜெர்மனியின் கிளாஸ் 1004; ஆண்டு 1962. அந்தக் காலத்துப் பெல்ட்டுகளும் அதன்பின் நெடுங்காலம் வந்தவையும் நியோப்ரீன் வகை ரப்பரால் ஆனவை. அந்த ரப்பர் வெப்பத்தில் இறுகி, முதுகில் கோடுகோடாக வெடித்து, முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கும். பிறகு வெப்பத்தையும் எண்ணெயையும் நன்றாகத் தாங்கும் எச்.என்.பி.ஆர். என்ற ரப்பர் வந்தது. அது எளிதில் வெடிப்பதில்லை. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் அதனோடு அந்தப் பழைய எச்சரிக்கையும் போய்விட்டது. பழைய பெல்ட்டில் கற்ற கண்ணை வைத்துக்கொண்டு புதிய பெல்ட்டைப் பார்க்கிறோம். வெடிப்பு இல்லாததை நலம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

ஆனாலும் பார்ப்பது வீண் என்று சொல்ல மாட்டேன். ஓரங்களில் நூல் பிரிந்திருந்தாலோ, ஒரு பக்க ஓரம் மட்டும் தேய்ந்திருந்தாலோ, பற்களின் அடியில் கோடு விழுந்திருந்தாலோ, எண்ணெய் பட்டு ரப்பர் ஊறி மெத்தென்று இருந்தாலோ, கூலன்ட் வழிந்து காய்ந்த தடம் தெரிந்தாலோ, மீட்டர் கணக்கு எதுவாக இருந்தாலும் அந்த வண்டியை அன்றே ஓட்டாமல் நிறுத்த வேண்டும். ஒரு பக்க ஓரத் தேய்வு, டென்ஷனரோ வாட்டர் பம்போ கோணலாகச் சுழல்கிறது என்பதைச் சொல்லும். எண்ணெய், கிராங்க் அல்லது கேம் முனையின் ஆயில் சீல் கசிவதைச் சொல்லும். அதைச் சரிசெய்யாமல் புதிய பெல்ட் போட்டால் புதிதும் அதே கதிக்கு ஆளாகும்.

இனி, 60,000-இல் மாற்றியதாகச் சொன்ன பேச்சு. விற்றவர் பொய் சொன்னார் என்று நினைக்க வேண்டியதில்லை. அவர் உண்மையாகவே அப்படி நம்பியிருக்கலாம். பில்லில் "பெல்ட் மாற்றப்பட்டது" என்று இருக்கும் பல வண்டிகளில் மாற்றப்பட்டது வெளியே ஓடும் பெல்ட்தான். அதாவது ஆல்டர்னேட்டரையும் ஏ.சி.யையும் ஓட்டுவது, நாம் பழக்கத்தில் ஃபேன் பெல்ட் என்று சொல்வது. உரிமையாளருக்கு இரண்டும் பெல்ட்தான். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: வண்டி முன்பு சர்வீஸ் செய்யப்பட்ட இடம் கோட்டயத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையமாக இருந்தால், பதிவு எண்ணையும் சேசிஸ் எண்ணையும் கொடுத்துப் பழைய வேலைகளின் பட்டியலைக் கேளுங்கள். அதில் டைமிங் பெல்ட் கிட் என்று, தேதியோடும் கிலோமீட்டரோடும் எழுதியிருந்தால் மட்டும் நம்புங்கள். மலையாளம் பேசும் மெக்கானிக்கிடம் கேட்கும்போது "டைமிங் பெல்ட்டா, ஃபேன் பெல்ட்டா" என்று பிரித்தே கேளுங்கள். "பெல்ட் பொட்டிப்போயி" என்று அவர் சொன்னால், எந்தப் பெல்ட் அறுந்தது என்பது அந்தப் பேச்சிலிருந்து தெரியாது.

பில் கிடைத்து, 60,000-இல் மாற்றியது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் என் கருத்து மாறுவது கடினம். முதல் காரணம், ரப்பர் ஓடாமலும் வயதாகும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் கிலோமீட்டரோடு ஆண்டுக் கணக்கையும் சேர்த்து, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் வண்டிக்குரிய கணக்கை உரிமையாளர் கையேட்டில் பாருங்கள். மலைச்சாலை வண்டிகளுக்கு நான் கடைப்பிடிப்பது 80,000 கிலோமீட்டர் அல்லது 5 ஆண்டு. இது என் பட்டறையின் வழக்கமே தவிர, தயாரிப்பாளரின் விதி அல்ல. கையேட்டில் இதைவிடக் குறைவாக இருந்தால் கையேட்டின்படியே செய்ய வேண்டும்.

இரண்டாவது காரணம் நம் பகுதிக்கே உரியது. மீட்டர் சக்கரம் ஓடிய தூரத்தைக் கணக்கிடுகிறது. பெல்ட் தேய்வது என்ஜின் சுழன்ற சுற்றுகளால். தேனியிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில் டாப் கியரில் 80 கி.மீ. வேகத்தில், டாக்கோமீட்டர் நிமிடத்துக்கு 2,000 சுற்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் என்ஜின் 1,20,000 சுற்று சுற்றி 80 கி.மீ. போகிறது, கிலோமீட்டருக்கு 1,500 சுற்று. அதே வண்டி கம்பம்மெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் 25 கி.மீ. வேகத்தில், 2,200 சுற்றில் ஏறினால், கிலோமீட்டருக்கு 5,280 சுற்று ஆகிறது. ஏறக்குறைய மூன்றரை மடங்கு. உங்கள் வண்டியின் டாக்கோமீட்டரைப் பார்த்து இந்தக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். இதோடு ஏலக்காய்ச் சாக்கு ஏற்றுவதற்காகவும் செக்போஸ்ட் வரிசையிலும் என்ஜின் ஓடிக்கொண்டே நிற்கும் நேரம் இருக்கிறது. மீட்டர் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பெல்ட்டின் ஆயுள் சுற்றுகளின் எண்ணிக்கையால் மட்டும் தீர்மானமாவதில்லை, வெப்பமும் சுமையும் சேரும் என்பது உண்மைதான். ஆனால் மலையில் அவையும் கூடுதலே. நகரத்தில் ஓடிய 96,000-ஐயும் மலையேறி இறங்கிய 96,000-ஐயும் ஒரே எண்ணாகப் பார்க்கக் கூடாது.

கீச்சென்ற சத்தத்துக்கு வருவோம். டைமிங் பெல்ட் பற்களால் பிடித்து ஓடுவது. அது வழுக்குவதில்லை, எனவே கீச்சிடுவதும் இல்லை. குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் வந்து, சற்று நேரத்தில் அடங்கும் கீச்சொலி பெரும்பாலும் வெளிப்பெல்ட்டில் இருந்து வருவது. இதைக் கேட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். வெளிப்பெல்ட் தேய்ந்து நார்நாராகப் பிரிந்தால், அந்த நார் கிராங்க் புல்லியின் பின்னால் சுற்றி, கீழ் கவரின் இடுக்கு வழியாக உள்ளே புகுந்து, டைமிங் பெல்ட்டைத் தடம் மாற்றி என்ஜினையே கெடுத்த வண்டிகள் உண்டு. நீங்கள் கேட்கும் சத்தம் டைமிங் பெல்ட்டினுடையது அல்ல. ஆனால் அதற்கு ஆபத்து வரும் வழியில் இருக்கிறது. வெளிப்பெல்ட்டையும் சேர்த்தே மாற்றுங்கள், எப்படியும் அதைக் கழற்றாமல் டைமிங் பெல்ட்டை எடுக்க முடியாது. கீச்சொலியை அடக்க அதன்மேல் சோப்போ பவுடரோ போடும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். கீச்சொலி இல்லாமல், என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைபோன்ற ஒலி கவரின் உள்ளிருந்து கேட்டால், அது டென்ஷனர் அல்லது வாட்டர் பம்பின் பேரிங். அது கேட்ட பிறகு மலையேறக் கூடாது.

டென்ஷனரும் வாட்டர் பம்பும் தேவையா என்ற கேள்விக்கு, தேவைதான் என்பது என் பதில். இந்த என்ஜினில் வாட்டர் பம்ப் டைமிங் பெல்ட்டால் ஓடுவது என்பதை முன்பே சொன்னேன். பெல்ட் எவ்வளவு சுற்றியதோ அவ்வளவுக்கு அந்தப் பம்பின் பேரிங்கும் டென்ஷனரின் பேரிங்கும் சுற்றியிருக்கின்றன. புதிய பெல்ட்டைப் போட்டு, 20,000 கிலோமீட்டரில் பழைய பம்ப் கசிந்தாலோ பேரிங் இறுகினாலோ, புதிய பெல்ட்டையும் அது கொண்டுபோய்விடும். கசிவோடு தப்பினாலும், அதே கவர்களையும் என்ஜினைத் தாங்கும் அதே மவுண்டையும் மறுபடி கழற்றி அதே கூலியைக் கொடுக்க வேண்டும். பொருளின் விலை கூடுமே தவிர, கூலி பெரிதாகக் கூடாது. அந்தப் பட்டறைக்காரர் உங்களுக்கு நல்லதையே சொல்லியிருக்கிறார். ஆயில் சீல்களை மட்டும், திறந்து பார்த்துக் கசிவு இருந்தால் மாற்றலாம்.

பெல்ட் வாங்கும்போது கிட் என்று பெல்ட்டும் டென்ஷனரும் சேர்ந்தே வரும் பெட்டியாக, அந்த நிறுவனத்தின் நேரடி விநியோகஸ்தரிடம், பில்லோடு வாங்குங்கள். ரெனோவின் அசல் பாகமானாலும், கேட்ஸ், கான்டிடெக், டேகோ போன்ற பெல்ட் தயாரிப்பாளர்களுடையதானாலும் சரி. பெட்டி அசலா என்பதுதான் கவனிக்க வேண்டியது, போலிகள் சந்தையில் உண்டு. பெல்ட்டை யாராவது மடித்தோ முறுக்கியோ ரப்பர் பேண்ட் போட்டோ தந்தால் வாங்காதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. கூர்மையாக மடித்தால் மடித்த இடத்தில் அப்போதே நொறுங்கிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. பட்டறையிலும் பெல்ட்டை உள்புறம் வெளியாகத் திருப்பிப் பார்க்கும் கையை நான் தடுத்துவிடுவேன்.

வேலை நடக்கும்போது நீங்கள் அருகில் இருந்தால் நல்லது, என்ன நடக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. என்ஜின் முழுதும் ஆறியிருக்க வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். ஓட்டுநர் பக்கத்து முன்சக்கரத்தையும் அதன் உள்புற பிளாஸ்டிக் தடுப்பையும் கழற்றி, என்ஜினுக்குக் கீழே தாங்கல் கொடுத்த பிறகுதான் அந்தப் பக்கத்து என்ஜின் மவுண்டைக் கழற்ற வேண்டும். அடுத்து வருவதுதான் முழு வேலையின் உயிர்நிலை. இந்த என்ஜினில் கிராங்க் ஷாஃப்டை உரிய இடத்தில் நிறுத்த ஒரு லாக்கிங் பின்னும் (உலோக ஊசி), கேம் பல்சக்கரத்தின் துளை வழியாகச் செருகி அதை நிறுத்த இன்னொரு பின்னும் உண்டு. இரண்டையும் போட்டு, இரண்டு ஷாஃப்டுகளும் உரிய இடத்தில் நிற்கின்றன என்று உறுதி செய்த பிறகே பழைய பெல்ட் வெளியே வர வேண்டும். வெள்ளைப் பெயிண்டால் பல்சக்கரங்களில் கோடு போட்டுக்கொண்டு, பின் இல்லாமலே மாற்றிவிடும் கைகளையும் நான் பார்த்திருக்கிறேன். பலமுறை சரியாகவும் வரும். ஆனால் பழைய பெல்ட் ஏற்கெனவே ஒரு பல் தாவியிருந்தால், அந்தக் கோடு தவறையே புதிய பெல்ட்டுக்கும் கடத்திவிடும். எந்தப் பட்டறைக்குப் போவது என்று தீர்மானிக்க, "உங்களிடம் இந்த என்ஜினுக்குரிய லாக்கிங் பின் இருக்கிறதா, காட்ட முடியுமா" என்ற ஒரு கேள்வி போதும். கட்டப்பனையில் இருந்தாலும் மதுரையில் இருந்தாலும், அதை எடுத்துக் காட்டுபவரிடம் வண்டியைக் கொடுங்கள்.

கிராங்க் புல்லியின் பெரிய போல்ட்டைத் தளர்த்தும்போது, என்ஜின் சுற்றாமல் பிடிக்க அந்தப் பின்னையே ஆதாரமாக்கக் கூடாது. பின் இடத்தைக் காட்டுவதற்கு மட்டுமே. பலத்தைத் தாங்க அல்ல. வளைந்த பின் எதையும் சரியாகக் காட்டாது. கழற்றிய அந்தப் போல்ட்டை மறுபடி பயன்படுத்தாமல் புதிதாகப் போட வேண்டும். கிராங்க் முனை, பல்சக்கரத்தின் உட்துளை, புல்லி அமரும் முகப்பு ஆகியவற்றில் எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைக்க வேண்டும் என்பதும் இந்த என்ஜினில் முக்கியம். அந்தப் போல்ட்டின் இறுக்கப் பிடியில்தான் பல்சக்கரம் நழுவாமல் நிற்கிறது. பசை இருந்தால் ஓட்டத்தில் நழுவி, நேரக் கணக்கு கெடும். அந்தப் போல்ட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு இறுக்கிய பிறகு, குறித்த கோணத்துக்கும் திருப்ப வேண்டும். நீளமான குழாயைச் செருகி "கை சொல்லும் வரை" இறுக்குவது அனுபவசாலிக்கும் பொருந்தாது.

டென்ஷனரின் பின்னால் உள்ள நாக்கு அதற்குரிய பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, அதன் முள்ளைக் குறிக்கு நேராகக் கொண்டுவந்து இறுக்க வேண்டும். பெல்ட் கூடுதலாக இறுகினால் பேரிங் சீக்கிரம் போகும். தளர்ந்தால் பல் தாவும். பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து இறுக்கம் சொல்லும் பழைய வழி இங்கே எடுபடாது.

பின்களைக் கழற்றிவிட்டு, என்ஜினை அது ஓடும் திசையில் மட்டும், ஸ்பேனரால் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். எங்காவது தடுத்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். அழுத்தம் கொடுத்துத் தாண்டக் கூடாது, அந்தத் தடை வால்வைத் தொடும் பிஸ்டனாக இருக்கலாம். இரண்டு சுற்று முடிந்ததும் பின்கள் இரண்டும் மறுபடி தடையின்றி உள்ளே போக வேண்டும். டென்ஷனர் முள்ளும் குறியிலேயே நிற்க வேண்டும். இந்தச் சோதனை முடியும் முன்பாகச் சாவியைத் திருப்புவதை, அவசரம் எதுவாக இருந்தாலும், நீங்கள் அனுமதிக்க வேண்டாம். சாவியைத் திருப்புவதற்கு முன் பின்கள் இரண்டும் வெளியே எடுக்கப்பட்டுவிட்டனவா என்று எண்ணிப் பாருங்கள். கடைசியாக, உரிய வகைக் கூலன்ட்டை ஊற்றிக் காற்றை வெளியேற்றி, கீழ் கவரையும் சக்கரத்தின் உள்தடுப்பையும் ஒரு கிளிப்கூட விடாமல் பொருத்த வேண்டும். தோட்டத்து மண்சாலையின் சேறும் சிறு கற்களும், வாட்டர் சர்வீஸின் பீய்ச்சல் நீரும் உள்ளே போகாமல் காப்பது அந்த உடைந்துபோகும் பிளாஸ்டிக்தான்.

கியரில் இறங்குவதால் பெல்ட் அறுமா என்பதற்கு: அறாது. ஏறும்போது போட்ட கியரிலேயே இறக்கத்திலும் இறங்குவதுதான் சரி. பிரேக்கைக் காப்பாற்றுவதும் அதுவே. பெல்ட்டுக்குப் பயந்து நியூட்ரலில் இறங்குபவர் சிறு பயத்தை விட்டுப் பேராபத்தைப் பிடித்துக்கொள்கிறார். அதிக வேகத்தில் தவறுதலாக மிகத் தாழ்ந்த கியரைப் போட்டு என்ஜினை அலற விடுவது மட்டும் கெடுதல். பேட்டரி இறங்கிய வண்டியைச் சரிவில் உருட்டி, குலுக்கலோடு கிளச்சை விட்டு ஸ்டார்ட் செய்வதும் தேய்ந்த பெல்ட்டைப் பல் தாவச் செய்யக்கூடும். ரிவர்ஸில் உருட்டி ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். சரிவில் நிறுத்தும்போது கியரை மட்டும் நம்பாமல், கை பிரேக்கை முழுதாக இழுத்து, சக்கரத்துக்குக் கல்லும் வையுங்கள். வண்டி பின்னோக்கி நகர்ந்து என்ஜினை எதிர்த்திசையில் சுற்றுவது பெல்ட்டுக்கு நல்லதல்ல.

முன்பு சொல்லாமல் வைத்த மலைச்சாலை அபாயம் இதுதான். இறக்கத்தில் பெல்ட் அறுந்தால், என்ஜின் நின்று, ஸ்டீயரிங் கனத்துவிடும்; சேமிப்பில் இருக்கும் வேக்குவத்தால் பிரேக் இரண்டு மூன்று மிதிவரைதான் இலகுவாகப் பிடிக்கும். அந்த நேரத்தில் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே மிதியாக அழுத்திப் பிடித்தபடி மலைப்பக்கமாக ஒதுக்குங்கள். துணையாகக் கை பிரேக்கைப் படிப்படியாக இழுங்கள். வண்டி முழுதாக நிற்கும்வரை சாவியை வெளியே எடுக்காதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். நின்ற பிறகு "ஒருமுறை பார்ப்போமே" என்று ஸ்டார்ட்டரைத் திருப்பவும் வேண்டாம். அறுந்தபோது தப்பிய வால்வுகளும் அந்தத் திருப்பலில் வளையும். பெல்ட்டை மாற்றுவது ஒரு நாள் வேலை. வால்வு வளைந்தால் ஹெட்டை இறக்கி, லேத்துக்கு அனுப்பி, வால்வுகளும் கேஸ்கெட்டும் மாற்றி, பிஸ்டன் தலையையும் சோதித்து முடிக்க வாரங்கள் ஆகும், செலவும் பல மடங்கு.

உங்கள் வண்டியைப் பற்றிப் படித்துவிட்டு, தங்கள் வண்டியிலும் பெல்ட்தானா என்று கேட்கப்போகும் வாசகர்களுக்கு ஒரு சொல்: எல்லா வண்டியிலும் பெல்ட் இல்லை. மாருதி 800, ஆம்னி, 800 சி.சி. ஆல்டோ ஆகியவற்றில் டைமிங் பெல்ட் உண்டு, ஸ்விஃப்ட்டின் 1.3 டீசலிலும் மாருதியின் கே வரிசை பெட்ரோல் என்ஜின்களிலும் செயின். செயினுக்குத் தவணை மாற்றம் இல்லாவிட்டாலும், ஆயிலைக் காலத்தில் மாற்றாமல் விட்டால் அதுவும் நீண்டு சத்தமிடும்.

வேலை முடிந்ததும் கழற்றிய பெல்ட்டையும் டென்ஷனரையும் பம்பையும் கேட்டு வாங்கி வாருங்கள். பெல்ட்டின் முதுகில் அச்சிட்டிருக்கும் எழுத்துகள் அழியாமல் இருந்தால் அதன் தயாரிப்புக் காலத்தைக் கண்டுபிடிக்கலாம். 60,000-இல் மாற்றிய கதை உண்மையா என்பது அப்போது ஓரளவு தெரிந்துவிடும். தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி, மேல் கவரின் மீதே ஒரு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள், பில்லை ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். நாளை இந்த வண்டியை வாங்குபவர் உங்களைப் போல இருட்டில் தடவ வேண்டியதில்லை. அதுவரை, இன்று முதல் பட்டறையில் விடும் நாள்வரை, தோட்டத்துக்குப் பஸ்ஸிலோ ஜீப்பிலோ போய்வாருங்கள். வண்டியைக் கம்பத்துக்குள் மட்டும், தவிர்க்க முடியாதபோது மட்டும் எடுங்கள்.